முக்கோண ஓட்டை, வட்ட வெளிச்சம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை

டிசம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு டிகாஷன் இறங்கியது. இரண்டு பால் பாக்கெட்டில் ஒன்று மூலையில் கசிந்திருந்தது. அதை முதலில் காய்ச்சினேன். ஆறு இருபதுக்கு மாட்டுங்கா மார்க்கெட். வாழைக்காய் இரண்டு, கறிவேப்பிலை, மல்லிகை ஒரு முழம். எட்டு மணிக்குள் சாம்பாரும் வாழைக்காய்ப் பொடிமாஸும் முடிந்துவிட்டன.

என் நாட்குறிப்பில் அந்த நாள் இப்படித்தான் தொடங்குகிறது. இன்று நான் சொல்ல வந்த விஷயத்துக்கும் வாழைக்காய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் நடந்த வரிசையை மாற்ற எனக்குக் கை வராது.

எட்டே காலுக்குப் பையை நிரப்ப உட்கார்ந்தேன். ஷூ டப்பா நான்கு, பட்டர் பேப்பர் ஒரு சுருள், கறுப்பு அட்டை ஆறு, குண்டூசி, செலோ டேப், மெழுகுவர்த்தி இரண்டு, தீப்பெட்டி, அடிஸ்கேல். ஒவ்வொன்றும் உள்ளே போனதும் சீட்டில் ஒரு டிக் போட்டேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "ஆறு நாள் செம்பூர்ல வெளிச்சம் காட்டறே. ஏழாம் நாள் தாராவிக்குப் போய்க் காட்டறே. நம்மாத்து பாத்ரூம்ல பல்பு போய் மூணு நாளாச்சு."

"ஸ்டூல் மேல ஏற உங்களுக்குத்தான் கால் இருக்கே."

"எனக்கு ஃபிசிக்ஸ் தெரியாதே" என்றார் அவர்.

ஒன்பது இருபதுக்குக் கிளம்பினேன். ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தால் அரை மணி நேரம். டிசம்பர் வெயில் அப்போது இன்னும் இளசாக இருக்கும். பாலத்தின் கம்பிகளுடைய நிழல் என் புடவையில் ஏறி இறங்கிக்கொண்டே கூட வந்தது. ஒளியைப் பற்றி முதல் பாடம் சொல்லக் கரும்பலகை எதற்கு, ஒரு பாலம் போதுமே என்று அன்று தோன்றியது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு பிள்ளைகள்

தாராவியில் நான் வகுப்பு நடத்துவது ஒரு சங்கத்தின் கீழ்த்தள அறையில். வார நாட்களில் அங்கே தையல் சொல்லித் தருகிறார்கள். தரையைக் கூட்டினாலும் ஞாயிற்றுக்கிழமை நூல் துணுக்குகள் இருக்கும். பிள்ளைகள் எழுந்து போகும்போது எல்லார் பின்புறத்திலும் நாலு நிறம் ஒட்டியிருக்கும்.

"ஏதாவது சொல்லிக் குடுங்க" என்று சங்கத்தில் கேட்டபோது நான் ஒளியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒலிக்குச் சாமான் அதிகம். மின்சாரம் என்றால் தாய்மார்கள் பயப்படுவார்கள். ஒளிக்கு வேண்டியதெல்லாம் ஒரு துணிப்பையில் அடங்கிவிடும்.

பன்னிரண்டு பிள்ளைகள், பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வரை. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். தமிழ் பேசுவார்கள், சண்டை போடுவார்கள்; வாசிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக்கூட்டித் திணறுவார்கள்.

முந்தைய வாரங்களில் ஷூ டப்பாவில் ஊசி ஓட்டை போட்டு, எதிர்ப்பக்கம் பட்டர் பேப்பர் ஒட்டி, மெழுகுவர்த்திச் சுடரைப் பார்த்திருந்தோம். சுடர் தலைகீழாகத் தெரிந்தது. ஒளி நேர்க்கோட்டில் போகிறது, அதனால் மேலிருந்து வருவது கீழே விழுகிறது, கீழிருந்து வருவது மேலே விழுகிறது என்று படம் போட்டுக் காட்டினேன். நம் கண்ணுக்குள்ளும் எல்லாம் தலைகீழாகத்தான் விழுகிறது என்றதும் இசக்கி என்ற பையன் எழுந்தான்.

"அப்ப உள்ள ஒரு ஆளு ஒக்காந்து நேராக்கிக்கிட்டே இருப்பானா மிஸ்?"

"மூளை நேராக்கும்."

"மூளை இல்லாதவனுக்கு?"

"நீயே சொல்லு, உனக்கு எப்பிடித் தெரியுது?" என்றாள் பின்வரிசையிலிருந்து மாரிச்செல்வி. அறை முழுக்கச் சிரித்தது. அவளுக்குப் பதினொரு வயது. அதிகம் பேச மாட்டாள், பேசினால் இப்படித்தான்.

சிவப்பு மை

அந்த டிசம்பர் பத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். வீட்டில் வெளிச்சம் செய்கிற ஒரு காரியத்தைப் பார்த்து, படம் போட்டு, எந்த மொழியிலாவது இரண்டு வரி எழுதி வர வேண்டும். ஒரே ஒரு விதி: பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

இசக்கி டியூப்லைட் வரைந்து வந்தான். வேறொருத்தி எவர்சில்வர் குடத்தில் தன் முகம் பூசணிக்காய் மாதிரித் தெரிந்ததை வரைந்திருந்தாள். மாரிச்செல்வி தன் வீட்டு மாடியின் தகரக் கூரையை வரைந்திருந்தாள். அதில் நான்கு ஓட்டைகள். ஒன்று முக்கோணம், ஒன்று கீறல், ஒன்று நட்சத்திரம் மாதிரிப் பிய்ந்தது, ஒன்று ஆணி ஓட்டை. தரையிலும் நான்கு வெளிச்சங்கள். நான்கும் வட்டம். வட்டம்கூடச் சரியாக இல்லை, கோழிமுட்டைபோல நீண்டிருந்தது. பக்கத்தில் இந்தியில் எழுதியிருந்தாள்: ஓட்டை எப்படி இருந்தாலும் வெளிச்சம் ஒரே மாதிரி விழுகிறது.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு கறுப்பு அட்டையில் முக்கோணமாக வெட்டி, செல்போன் விளக்கை எரியவிட்டு, சுவருக்கு அருகே பிடித்துக் காட்டினேன். சுவரில் கூர்மையான முக்கோணம் விழுந்தது.

"முக்கோண ஓட்டையில முக்கோண வெளிச்சம்தான் வரும். ஒளி நேராப் போறதுன்னு படிச்சோமே?"

"சச்சி மிஸ், நெசமாவே வட்டமாத்தான் விழுது" என்றாள்.

"ஜூட்டு சொல்லுதா மிஸ், புளுகுணி" என்றான் இசக்கி, அன்று மூளையைச் சொன்னதற்குப் பழி வாங்கிக்கொண்டு.

நான் அவள் நோட்டில் சிவப்பு மையில் இரண்டு குறிப்பு எழுதினேன். 'மறுபடி சரியாகப் பார்க்கவும்.' அதற்குக் கீழே, 'வட்டம் போடுவதற்குக் காம்பஸ் பயன்படுத்தவும்.' இரண்டையும் தமிழில் எழுதினேன். அவளால் வாசிக்க முடியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்கு வரவில்லை.

மஞ்சள் விளக்கு

என் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால், ஒளியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் இப்படியா செய்வாள் என்று தோன்றும்.

நான் ஆசிரியை அல்ல. செம்பூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருபத்தாறு ஆண்டுகள். லென்ஸ்களைத் துடைப்பது, முப்பட்டகங்களை எண்ணி வைப்பது, மாணவர்கள் வருமுன் விளக்குகளைச் சூடாக்குவது என் வேலை. ஒளிக்கான ஆய்வகத்தில் ஒளி வரக் கூடாது என்பதால் ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கும். வெளியே மழையா வெயிலா என்பது மாணவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும்.

அங்கே சோடியம் விளக்கு ஒன்று உண்டு. அதன் மஞ்சளைத் தவிர அந்த அறையில் வேறு நிறம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு உள்ளே போனேன். குனிந்து பார்த்தால் கறுப்புப் புடவை. என் கை, மேஜை மேலிருந்த ரோஜாப்பூ, சுவர்க் கடிகாரம், எல்லாம் ஒரே மஞ்சளின் பல அழுக்குகள். கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்ததும் புடவை மறுபடி சிவந்தது. அன்று நாலைந்து முறை காரணமில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தேன்.

மாணவர்கள் அளவுகளைக் குறிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. போன வருடத்து நோட்டைப் பார்த்து எழுதிய எண்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அவை மிக அழகாக இருக்கும். உண்மையில் பார்த்து எழுதிய எண்கள் கொஞ்சம் கோணலாக, ஒன்றோடொன்று சண்டை போட்டபடி இருக்கும். 'பார்த்ததை மட்டும் எழுது' என்ற விதி எனக்கு வந்தது அங்கேதான்.

அந்த விதி எனக்கும் உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இருபத்தாறு ஆண்டுகளில் நான் பார்த்ததெல்லாம் ஒரு விளக்கு, ஒரு பிளவு, ஒரு கை நீளத்தில் ஒரு திரை. சூரிய ஒளியை ஓர் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, அது எந்த வடிவில் தரையில் விழுகிறது என்று ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

அழித்த இடம்

டிசம்பர் பத்துக்கு வருகிறேன். அன்று மாரிச்செல்வி வந்திருந்தாள். நோட்டை நீட்டினாள். நான்கு வட்டங்களையும் ரப்பரால் அழித்து, முக்கோண ஓட்டைக்குக் கீழே முக்கோணம், கீறலுக்குக் கீழே கீறல், நட்சத்திரத்துக்குக் கீழே நட்சத்திரம் வரைந்திருந்தாள். ஆணி ஓட்டைக்கு மட்டும் வட்டம், காம்பஸ் வைத்துப் போட்டது. படம் அழகாக இருந்தது. மிக அழகாக.

டிக் போடப் பேனாவைத் திறந்தேன். தாளைச் சாய்த்தபோது, அழித்த இடத்தில் பழைய முட்டை வட்டத்தின் பள்ளம் தெரிந்தது.

"மறுபடி பார்த்தியா?"

"பாத்தேன் மிஸ்."

"முக்கோணமா இருந்துதா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "வட்டமாத்தான் இருந்துச்சு" என்றாள். "தினமும் பாத்தேன். தினமும் வட்டம்தான். ஆனா எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு மிஸ். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். அதான் நீங்க சொன்ன மாதிரி வரைஞ்சுட்டேன்."



"கண்ணு கெட்டதுன்னு யார் சொன்னா?"

"அம்மா. நீங்க எழுதினத அம்மாதான் வாசிச்சாவ."

பேனாவை மூடினேன். பதினொன்று முப்பதுக்கு வகுப்பை முடித்து, எல்லாரையும் அனுப்பிவிட்டு அவளோடு கிளம்பினேன். எத்தனை மணிக்கு அந்த வெளிச்சம் விழும் என்று கேட்டேன். "பதினொண்ணே முக்காலுக்கு வரும். பன்னெண்டரைக்கு முன்னால போயிரும்" என்றாள். கண் கெட்டவள் சொல்கிற கணக்காக அது இல்லை.

பேச்சியம்மாள்

சந்து குறுகல். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். மாரிச்செல்வியின் அம்மா பேச்சியம்மாள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்தாள்.

"வாங்க டீச்சர். நானே வந்து பாக்கணும்னு இருந்தேன். பிள்ளைக்குக் கண்ணு கோளாறுன்னு நீங்க எழுதி விட்டதாலதான் தெரிஞ்சுது. எங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

"நான் அப்படி எழுதலையே?"

"சரியாகப் பார்க்கவும்னு எழுதிருந்தியளே. முக்கோணம் இவளுக்கு வட்டமாத் தெரியுதுன்னா வேற என்ன அர்த்தம்? சயான்ல கண்ணாடிக் கடைக்காரன்ட்ட காட்டினேன். எல்லா எழுத்தையும் கடகடன்னு வாசிச்சுட்டா. ஒண்ணுமில்லங்கான். கடைக்காரனுக்கு என்ன தெரியும்? பெரிய டாக்டர்ட்ட காட்டணும்னு இவ அப்பா சொல்லிட்டாவ."

"நீங்க மாடில போய்ப் பார்த்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் வட்டமாத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"எனக்கு வயசாச்சு, கண்ணு போனா போவட்டும். எனக்குள்ள நோவு பிள்ளைக்கும் வந்துருச்சேன்னு நெனச்சா மூணு நாளா தூக்கமில்ல."

ஒரே வீட்டில் இரண்டு பேர் தங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பார்க்காத ஒருத்தி எழுதிய சிவப்பு வரிக்காக இரண்டு பேரும் தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

மாடியில்

இரும்பு ஏணியில் ஏறினோம். பதினொன்று ஐம்பத்திரண்டு. மாடி என்பது ஏழடி உயரத்துக்குத் தகரம் போட்ட ஓர் அறை. மழைக்காலத்தில் மேலே நீல பிளாஸ்டிக் விரித்திருப்பார்களாம், தீபாவளிக்கு எடுத்துவிடுவார்களாம். ஜன்னல் இல்லை. கண் பழகியபோது முதலில் வெளிச்சத்தின் கோடுகள் தெரிந்தன. கூரையிலிருந்து நான்கு சாய்ந்த கோடுகள், உள்ளே தூசு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. கோடுகள் முடிகிற இடத்தில், பாயின் மேல், நான்கு வெளிச்சங்கள்.

நான்கும் வட்டம். கொஞ்சம் நீண்ட, கோழிமுட்டை வட்டம். அவள் முதலில் வரைந்தது அப்படியே கிடந்தது.

நான் கூரையைப் பார்த்தேன். முக்கோணம் முக்கோணமாகவே இருந்தது. தரையைப் பார்த்தேன். மறுபடி கூரையைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கூடப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

"உங்களுக்கும் வட்டமாவா தெரியுது மிஸ்?" மாரிச்செல்வி கிசுகிசுத்தாள்.

"ஆமாம்."

"அய்யோ" என்றாள் ஏணியில் நின்றிருந்த பேச்சியம்மாள். "உங்களுக்குமா டீச்சர்?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லை. கண் மூணு பேருக்கும் நன்னாத்தான் இருக்கு. நான்தான் பார்க்காமலே எழுதிட்டேன்."

மாரிச்செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் பயப்படக் கூடாதுன்னு சும்மா சொல்லுதீங்களா?"

வாயால் சொன்னால் போதாது. என்னை அவள் நம்பக் கூடாது, நம்பித்தானே இத்தனையும் வந்தது. கறுப்பு அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதை அவள் கையில் கொடுத்து, தலையணைகள் வைத்திருந்த பெட்டியின் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது, அட்டையைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். "முக்கோண ஓட்டைக்குப் பக்கத்துல, ஒட்டினாப்புல பிடி. என்ன தெரியறதுன்னு நீ சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் அட்டையைத் தகரத்தோடு சேர்த்துப் பிடித்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"முக்கோணம்" என்றாள். "சின்ன முக்கோணம்."

"மெதுவா கீழே கொண்டு வா."

அட்டை இறங்கியது. முக்கோணத்தின் மூலைகள் மழுங்கின. இன்னும் இறங்கியது. மூலைகள் ஊறிப் பருத்தன. அவள் பெட்டியிலிருந்து இறங்கி, குனிந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினாள். அட்டை தற்செயலாகச் சூரியனைப் பார்த்துச் சாய்ந்தபோது, முட்டை சுருங்கி, காம்பஸ் வைத்ததுபோல் வட்டமானது. பாட்டில் மூடி அளவு.

அவள் மறுபடி பெட்டி மேல் ஏறினாள். மறுபடி இறங்கினாள். நான் எண்ணினேன், ஐந்து முறை. ஐந்தாவது முறை மேலேயே நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்:

"கண்ணு கெட்டிருந்தா இங்கயும் வட்டமாத்தானே தெரியணும்?"

அட்டையை மறுபடி ஓட்டையோடு ஒட்டினாள்.

"இங்க முக்கோணம் தெரியுது. அங்க வட்டம் தெரியுது. ஒரே கண்ணு." அட்டையைத் தாழ்த்தினாள். "அம்மா, எனக்குக் கண்ணு கெடல."

கட்டடம் வரும் நேரம்

ஏன் வட்டம் என்று அவளிடம் சொல்வதற்குமுன் நானே யோசிக்க வேண்டியிருந்தது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் முழங்காலில் ஒரு வட்டம் ஏறியிருந்தது. சூடே இல்லாத, மெல்லிய வெளிச்சம்.

"நம்ம ஷூ டப்பா ஞாபகம் இருக்கா? ஊசி ஓட்டைக்கு வெளியே மெழுகுவர்த்தி இருந்தா உள்ளே என்ன விழுந்தது?"

"மெழுகுவர்த்தி. தலைகீழா."

"இந்த ரூம் ஒரு பெரிய டப்பா. அதோ ஓட்டை. வெளியே என்ன இருக்கு?"

அவள் பாயைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல் நகர்ந்தது. "இது சூரியனா?"

"சூரியனோட படம். ஓட்டைக்கு ஒண்ணு. ஓட்டைக்குக் கிட்டக்க அந்தப் படம் ஓட்டையைவிடச் சின்னது, அதனால ஓட்டையோட வடிவம்தான் தெரியறது. தூரம் போகப் போகப் படம் பெரிசாறது, அப்போ சூரியனோட வடிவம் ஜெயிச்சுடறது. அப்படித்தான் இருக்கணும்னு நினைக்கிறேன்." 'நினைக்கிறேன்' என்ற சொல்லைப் பாடம் சொல்லும்போது நான் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை.

"அப்ப கட்டடம் வரப்ப கடிபடுறதும் அதானா?"

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். தெற்கே புதிதாக எழுந்திருக்கும் உயரக் கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் போகும்போது இந்த வட்டங்களை யாரோ கடித்துத் தின்பதுபோல் இருக்குமாம். பள்ளிக்கூடம் ஒரு மணிக்குத்தான் என்பதால் தினமும் பார்ப்பாளாம். அதையும் எழுதலாம் என்று இருந்தாளாம், வட்டத்துக்கே திட்டு விழுந்ததால் விட்டுவிட்டாளாம்.

காத்திருந்தோம். கீழே யாரோ குக்கர் வைத்தார்கள். சந்தில் ஒரு ஸ்கூட்டர் வழி கேட்டுக்கொண்டே போனது. அறைக்குள் நான்கு சூரியன்கள், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், பாயின் கோரைகளைக் கிழக்கு நோக்கி ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு, மேற்கு ஓரத்தில் இருந்த முதல் வட்டத்தில் ஒரு சின்னக் கடி விழுந்தது. வட்டம் அப்பளம்போல் உடைந்தது, பிறகு பிறையானது, பிறகு நகத்துண்டு, பிறகு பாய் மட்டும். இரண்டு நிமிடம் ஆயிற்று. சிறிது நேரத்தில் அடுத்தது தொடங்கியது.

"எந்தப் பக்கம் கடிக்குது பாருங்க மிஸ். கட்டடம் அந்தப் பக்கம். கடி இந்தப் பக்கம்."

கட்டடம் சூரியனை மேற்கு ஓரத்திலிருந்து மறைத்தது. வட்டங்கள் கிழக்கு ஓரத்திலிருந்து குறைந்தன. படம் தலைகீழாக இருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். எந்த ஆய்வகத்திலும் நான் துடைத்து வைக்காத ஒரு நிரூபணம், ஓட்டைத் தகரத்துக்குக் கீழே, ஒரு பாயின் மேல், தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

நாலாவதும் போனதும் அறை இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில் அவளிடம் சொன்னேன். "நோட்டுல நான் எழுதின ரெண்டும் தப்பு. வட்டமும் சரி, முட்டையும் சரி. மறுபடி வரைவியா?"

"பென்சில்லயா, பேனாவுலயா?"

"உன் இஷ்டம்."

"பேனா குடுங்க" என்றாள். "அந்தச் சிவப்பு."

பேச்சியம்மாளின் சிக்கல்

நான் கீழே இறங்கிச் செருப்பு மாட்டும்போது பேச்சியம்மாள் மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் புரிஞ்சுது டீச்சர். இவ அப்பாவுக்கு யாரு சொல்லுதது? விக்ரோலில ஐஸ் கிடங்குல ராத்திரி ஷிப்ட், பகல்ல மாடில அந்தப் பாய்லதான் தூக்கம். இன்னைக்கு ஓவர்டைம், நாளைக்குக் காலைல ஆறரைக்குத்தான் வாராவ. வந்த காலோட இவளக் கூட்டிட்டு ஆஸ்பத்திரி வரிசைல போய் நிக்கேன்னு சொல்லிட்டாவ. ரெண்டு நாள் தூங்காத மனுசன்."

"போன்ல சொல்லுங்களேன்."

"கிடங்குக்குள்ள போன் விட மாட்டாவ. நேர்ல சொன்னாலும் நான் சொன்னா கேக்க மாட்டாவ. 'டீச்சர் எழுதினது தப்பு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமாக்கும்'பாவ."

மாரிச்செல்வி ஏணியில் பாதியில் உட்கார்ந்திருந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் ஏதாவது கண்டுபிடிச்சிருவாரு மிஸ்" என்றாள். அரை மணி முன்பு ஐந்து முறை ஏறி இறங்கிய பெண்ணின் முகத்தில் மறுபடி அந்தச் சந்தேகம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு ஒன்று பத்துக்கு வந்து சேர்ந்தேன். சாம்பார் ஆறிப்போயிருந்தது. நடந்ததைச் சொன்னபோது என் கணவர் மோரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தப்பு என்னோடதுன்னு அந்தக் குழந்தைகிட்ட ஒத்துண்டியா?"

"ஒத்துண்டேன்."

"இந்த ஆத்துல நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை" என்றார். பிறகு, "காலம்பற எத்தனை மணிக்குப் போகணும்? நான் டிகாஷன் போட்டுக்கறேன்" என்றார்.

திங்கள்

மறுநாள் காலை முதல் வேலையாக, காபிகூடக் குடிக்காமல், தாராவிக்குப் போனேன். ஆறு இருபத்தைந்துக்கு அவர்கள் வாசலில் நின்றேன். மாரிச்செல்வி விசேஷத்துக்குப் போடும் கவுனில், எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு, படியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், சிரிக்கவில்லை.

ஆறு முப்பத்தெட்டுக்கு அவளுடைய அப்பா சுடலை வந்தார். குளிர்க் கிடங்கின் தடித்த ஸ்வெட்டர் அப்போதும் உடம்பில் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் ஸ்வெட்டரை அவசரமாகக் கழற்றினார்.

"உங்க பொண்ணுக்குக் கண் நன்னாத் தெரியறது" என்றேன். "தப்பா எழுதினது நான். பார்க்காம எழுதிட்டேன். நேத்திக்கு வந்து பார்த்தேன். வட்டம்தான்."

அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி?"

"வேண்டாம். நீங்க தூங்குங்கோ."

"எப்பிடி வட்டமாகும்?" என்றார். விடுகிற ஆள் இல்லை.

நான் வாயைத் திறக்குமுன் மாரிச்செல்வி முன்னால் வந்தாள். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஓட்டை செய்து, தன் அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். வட்டம் ஏன், முட்டை ஏன், கட்டடம் கடிப்பது ஏன் என்று பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சுடலை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஏணியின் முதல் படியில் கால் வைத்தபடி கேட்டார்:

"அப்ப தினமும் மத்தியானம் நான் சூரியனப் போத்திக்கிட்டா தூங்குதேன்?"

"ஒண்ணு இல்லப்பா" என்றாள் அவள். "நாலு."